பிரதம இலிகிதர் அவித்த பயறு

தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவிக்கு ஈரல் பழுதென்று தெரிந்தபோது, ஒட்டுசுட்டானில் எங்களைப் பார்க்க வந்தவர்கள் முதலில் என் வாயைத்தான் முகர்ந்து பார்த்தார்கள். ஈரல் என்றால் சாராயம். மனைவி குடிப்பதில்லை, ஆகவே நான் குடித்திருக்க வேண்டும். அரச செயலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல.

முப்பது வருடம் கணிதம் படிப்பித்த மனைவிக்குப் புத்தி தடுமாறத் தொடங்கியது. பகலெல்லாம் உறங்கினார். தேநீருக்கு உப்புப் போட்டார். ஒருநாள் என்னிடமே, "ஐயா ஆரைத் தேடி வந்தனீங்கள்?" என்றார்.

பழுதான ஈரல் கழிக்காமல் விட்ட நச்சு மூளைக்கு ஏறுகிறது என்று வைத்தியர் விளக்கினார். "இறைச்சி வேண்டாம். புரதத்திலை கவனம்." சுற்றுநிருபத்தின் முதல் வரியை மட்டும் வாசித்துவிட்டு அலுவலகக் கோவையை மூடுகிறவர்களை வாழ்நாளெல்லாம் ஏசிய நான், அன்று அதையே செய்தேன். மேலே எதுவும் கேட்காமல் மீன், முட்டையோடு பயறு, தயிரையும் நிறுத்தினேன். கஞ்சியும் பூசணிக்காயும் மட்டும். மச்சாள் கொண்டுவந்த கிடாய் எலும்புச் சூப்பைப் படலையிலேயே மறித்தேன்.

"அத்தான், அக்காவைப் பட்டினி போட்டுக் கொல்லப்போறியளோ?"

"வைத்தியரின்ரை உத்தரவு. நான் மீறமாட்டன்."

ஒரு மாதத்தில் மனைவியின் கைகள் ஈர்க்காகின. தடுமாற்றமும் கூடியது. வைத்தியர் அவரது புயத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"நான் புரதத்தை நிப்பாட்டச் சொன்னனானோ? தசை கரைஞ்சா நச்சு இன்னும் கூடும். ஆட்டை விட்டிட்டுப் பயறைக் குடுங்கோ. கௌபி, உழுந்து, தயிர். கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்கு ஐஞ்சாறு தரம்."

போர்க்காலத் தடையால் பருப்பும் பால்மாவும் கண்ணில் படாத காலம். ஆனால் நெல் வெட்டிய வயலின் ஈரத்தில் விதைத்த பயறு எவருடைய அனுமதிப்பத்திரத்துக்கும் காத்திருப்பதில்லை. மலையகத்திலிருந்து வந்து பக்கத்துக் காணியில் குடியேறியிருந்த பெண் ஒரு சாக்குப் பயறு தந்தார். "ஊறப் போட்டு அவிங்க ஐயா, அப்படியே போட்டா கல்லு மாதிரி கிடக்கும்." நான் குசினிக்குள் புகுந்தேன். முதல் பானை அடிப்பிடித்தது.

"சூப்பை மறிச்ச மனுசன் இப்ப அடுப்பூதுறார்," என்று மச்சாள் ஊரெல்லாம் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து வைத்தியர் மனைவியைச் சோதித்தார். "ரீச்சர், நூறிலையிருந்து ஏழேழாக் கழியுங்கோ."

தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது... மூச்சுவிடாமல் இரண்டுக்கு வந்தார். வைத்தியர் எழுதப் பேனையை எடுத்தார்.

"பொறுங்கோ, நான் முடிக்கேல்லை. சய ஐஞ்சு, சய பன்னிரண்டு..."

பூச்சியத்துக்குக் கீழேயும் இறங்கிக்கொண்டே போனார். வரிசையில் நின்ற நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

"சேர், நீங்களாவது நிப்பாட்டச் சொல்லுங்கோ," என்றார் வைத்தியர்.

நான் ஏன் சொல்லவேண்டும்? கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.