தண்ணி விட்டவர்கள்

அன்று கூட்டத்தில் இருந்தவர்கள்.

முன்னால் உட்கார்ந்து நடத்தின கண்டக்டர் சேட்டன், பஸ்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்ரீவராகத்திலிருந்து வரும் சாமி. பெரிய ஆபீசில் இருந்தவர், அக்ரஹாரத்துத் தமிழ் பேசுவார். ஒரு டீச்சர். மச்சினன்மார்களான ஆட்டோக்காரர்கள் ரெண்டு பேர். வெளியே பேசிக்கொள்ள மாட்டார்கள், உள்ளே பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான், ஆரியசாலை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவன். கடைசியாக, கதவோரம், புதிதாக வந்த ஒரு கொத்தனார்.

பேர் சொல்லமாட்டேன். எங்கள் கூட்டத்தில் பேர் வெளியே போகாது. போனால் நாளைக்கு யாரும் வரமாட்டார்கள்.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு அறை. வாடகை நாங்களே கொடுக்கிறோம். குடியை விடணும் என்ற ஆசை இருந்தால் போதும், யாரும் வரலாம். சந்தா இல்லை. தலைவர் கிடையாது. ஒருத்தர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். குறுக்கே பேசக் கூடாது. பேச்சு மலையாளத்தில். எனக்கு அது பழகிவிட்டது. இங்கே வந்து பாதி ஆயுசு ஆச்சு.

கொத்தனார் சங்கரன்கோவில் பக்கம். என்னைவிட மூத்தவர். இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, மலையாளம் ஒட்டவில்லை. அவருடைய மேஸ்திரிதான் கதவைக் காட்டி, உள்ளே போய் உட்கார் என்று விட்டுவிட்டுப் போயிருந்தார். கொத்தனார் கை ரெண்டையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தார், நடுக்கம் தெரியக் கூடாது என்று. தெரிந்தது. நாங்கள் எல்லோரும் ஒரு நாள் அப்படி உட்கார்ந்தவர்கள்தான்.

கண்டக்டர் சேட்டன் அவரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்: "இனி சேட்டனு சம்சாரிக்கான் ஒரு அவசரம்."

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. அவசரம் என்றால் வாய்ப்பு. நீங்கள் பேசலாம் என்றுதான் சொன்னார். கொத்தனார் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. எங்கள் ஊரில் சம்சாரம் பெண்டாட்டி. அவசரம் அவசரம்தான்.

எழுந்துவிட்டார். நாற்காலி சரிந்தது.

"என் சம்சாரத்துக்கு என்னய்யா ஆச்சு?"

பதில் வருவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். செருப்பை மாட்டவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன். போனை அமுக்கிக்கொண்டிருந்தார், விரல் வேறெங்கோ விழுந்தது. நான் போட்டுக் கொடுத்தேன். ஊரில் அந்தம்மா எடுத்தார்கள். பீடி சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள், நல்லாத்தான் இருந்தார்கள். இவர் திரும்பத் திரும்ப உனக்கு ஒண்ணுமில்லையே என்று கேட்டதில் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் யார் நிற்கிறானோ அவனிடம் போனைக் கொடு என்றார்கள்.

"யாருண்ணே நீங்க? கூடக் குடிக்கிற ஆளா?"

"இல்ல மதினி. கூடக் குடிக்காத ஆளு."

அந்தப் பக்கம் பீடித் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், அப்படி ஒரு ஆள் இவருக்கு இதுவரைக்கும் சேர்ந்ததில்லை என்றார்கள்.

டீக்கடையில் உட்கார்ந்தோம். அவசரத்துக்கு அர்த்தம் சொன்னேன். சிரிக்கவில்லை. டீ ஆறின பிறகு விஷயத்தைச் சொன்னார். மேஸ்திரி பூச்சுக் கரண்டியை வாங்கி வைத்துக்கொண்டார். இவர் பூசின சுவர் அலை அலையாக வந்திருக்கிறது. சாரத்தில் ஏறக் கூடாது என்று உத்தரவு. கட்டின சுவருக்கும் போட்ட கான்கிரீட்டுக்கும் தண்ணி விடுகிற வேலை. சித்தாள் பார்க்கிற வேலை. கை நடுக்கம் நின்றால் கரண்டி, நிற்காவிட்டால் ஊருக்குப் பஸ்.

"கரண்டி இல்லாம ஊருக்குள்ள எப்படித் தம்பி போவேன்? நான் கொத்தனார்லா?"

நான் புத்தி சொல்லவில்லை. எங்களில் அந்த வழக்கம் இல்லை. எனக்குச் சொன்ன கதையைச் சொன்னேன்.

அமெரிக்காவில் ஒரு ஷேர் வியாபாரி. குடியை விட்டுச் சில மாசம் ஆகியிருந்தது. வேலையாக வெளியூர் போன இடத்தில் காரியம் கெட்டுப்போச்சு. தங்கின ஓட்டலிலேயே பார். கால் அந்தப் பக்கம் இழுக்கிறது. அவர் பாருக்குப் போகவில்லை, போனை எடுத்தார். இந்த ஊரில் என்னைப் போல ஒரு குடிகாரன் இருக்கிறானா, அவனிடம் நான் பேசணும் என்று நாலு இடத்தில் விசாரித்தார். கிடைத்தது ஒரு டாக்டர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த டாக்டர் மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டார். ஏனென்றால் வியாபாரி அவருக்கு உபதேசம் பண்ணவில்லை. தன் கதையைச் சொன்னார். கொஞ்ச நாளில் டாக்டரும் விட்டார். ரெண்டு பேருமாக மூன்றாவது ஆளைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எங்கள் கூட்டமெல்லாம் அப்படி ஆரம்பித்ததுதான்; குடியை விட ஏறுகிற பன்னிரண்டு படி என்கிறதெல்லாம் அப்புறம் எழுதினது. முதலில் இருந்தது ரெண்டு நாற்காலி.

கொத்தனார் கேட்டுவிட்டு, "அவங்க ரெண்டு பேரும் ஒரே பாஷையா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அதான்."

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். கண்டக்டர் சேட்டன் தலையில் கை வைத்துக்கொண்டார், ஒரு பாவப்பட்ட மனுஷனின் பெண்டாட்டியை ஒரு வார்த்தையில் கொன்றுவிட்டேனே என்றார். சாமி அதைத் தமிழில் சொன்னதும்தான் கொத்தனார் சிரித்தார். தமிழில் ஒரு கூட்டம் வேண்டும் என்று கேட்டோம். எங்களில் யாரும் உத்தரவு போடுவதில்லை. எல்லோரும் பேசி ஒரு மனசாக வேண்டும். ஆனார்கள். ஆனால் அந்த அறை மற்ற நேரத்தில் காலியில்லை.

தமிழ்க் கூட்டத்துக்காக ஞாயிறு மத்தியானம் லோடு இறக்க வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னபோது காரணம் கேட்டார். என் காரணத்தைச் சொன்னேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். கோடவுன் மாடியைச் சும்மா தருகிறேன் என்றார். ஃபேன், டீ, பாய் எல்லாம் அவர் பொறுப்பு. வாசலில் கடை பேர் போட்டு ஒரு போர்டு. முதல் நாள் ஒரு போட்டோ.

எனக்கு ஆசை வந்தது. சாமியிடம் கேட்டேன்.

"வெளியிலேருந்து ஒண்ணும் வாங்கப்படாது. ஃபேன் அவரோடதுன்னா நாளைக்குக் கூட்டமும் அவரோடதாயிடும். மனசிலாச்சா?"

மனசிலாச்சு. முதலாளியிடம் போய் வேண்டாம் என்றேன். மூட்டை இறக்குகிறவன் முதலாளியிடம் அப்படிச் சொல்வது ஆரியசாலையில் நடக்கிற காரியம் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"சும்மா குடுத்தாலும் வேண்டாமாடே?"

"சும்மா குடுத்தா வேண்டாம் மொதலாளி."

அன்று கடையைவிட்டு வெளியே வரும்போது நடை எனக்கே வேறு மாதிரி இருந்தது.

இடம் கொடுத்தது கொத்தனார். அவர் வேலை பார்த்தது வட்டியூர்க்காவுப் பக்கம் ஒரு வீடு, தரைத்தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. ஆனால் கான்கிரீட்டுக்கு ஞாயிறு தெரியாது, தண்ணி விட்டே ஆகணும், இவர்தான் அங்கே இருப்பார். மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார். சும்மா வேண்டாம் என்பதையும் சொல்லியிருக்கிறார். கடைசியில் முடிவானது இது: உட்காருகிறவர்கள் எல்லோரும் குடம் எடுத்துச் சுவருக்குத் தண்ணி விடணும். அதுதான் வாடகை.

வீட்டில் என் பெண்டாட்டி கேட்டாள், ஞாயிற்றுக்கிழமையும் எங்கே கிளம்புகிறாய் என்று.

"தண்ணி விடப் போறேன்."

"அதான் எப்பவோ விட்டாச்சே?"

இந்தப் பேச்சு எப்படியோ பரவிவிட்டது. ஆட்டோக்கார மச்சினன்மார் எங்களுக்குத் தண்ணி பார்ட்டி என்று பேர் வைத்தார்கள். ரெண்டு பேரும் சேர்ந்து வைத்தார்கள் என்பது கண்டக்டர் சேட்டனுக்கு ஆச்சரியம்.

செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை. சாமி வெள்ளை வேட்டியோடு வந்து பலகையைத் தட்டிவிட்டு உட்காருவார். டீ டம்ளரை நாங்களே கொண்டுபோவோம். முதலில் சாமி, கொத்தனார், நான் என்று மூன்று பேர். அப்புறம் ஒரு ஓட்டலில் பரோட்டா போடுகிறவர் வந்தார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து வாச்மேன் வேலை பார்க்கிற ஒருத்தர் வந்தார். சாமி படிகளைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்தார். கஷ்டமான வார்த்தை வந்தால் நிறுத்தி, இது வேண்டாம், நீங்க என்ன சொல்வேள் என்று கேட்டு அடித்து எழுதினார். முதல் படி, குடிக்கு முன்னால் நம் பலம் செல்லாது, வாழ்க்கை நம் கையை விட்டுப் போய்விட்டது என்று ஒத்துக்கொள்வது.

கொத்தனார் தன் கையைப் பார்த்துக்கொண்டே, "கை நம்ம கையில இல்ல. அதான?" என்றார்.

"அதேதான்," என்றார் சாமி. அவர் எழுதினதைவிட அது நல்லா இருந்தது என்று இல்லை. ஆனால் அன்று அவர் வேறொன்றும் படிக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டார்.

மற்றப் படிகளும் ஒவ்வொன்றாக வந்தன. செய்த தப்பை இன்னொரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்வது. நோகடித்தவர்களிடம் போய் நிற்பது. தனக்குத் தெரிந்த கடவுளிடம் ஒப்படைப்பது. கொத்தனாருக்கு அது சங்கரநாராயணர், வாச்மேனுக்கு மாதா, பரோட்டா மாஸ்டர் இன்னும் யோசிக்கிறேன் என்றார். யோசிக்கட்டும். எங்களில் தமிழ் அவசரம் இல்லை. மலையாளத்து அவசரம் எப்போதும் உண்டு.

மேல்தளச் சுவர் எழும்பியது. அடுத்தது அதற்கு மேல் கான்கிரீட். அது முடிகிற அன்று வீட்டுக்காரர் பிரியாணியும் பாட்டிலும் தருவது வழக்கம். தராவிட்டால் வேலைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். கொத்தனாருக்கு அது தெரியும். முந்தின ஞாயிறு கூட்டத்தில் ஒரே வரிதான் பேசினார்: "வார சனிக்கெழமைய நெனச்சாப் பயமா இருக்கு." குறுக்கே பேசக் கூடாது என்பதால் கேட்டுக்கொண்டோம். கூட்டம் முடிந்து எல்லோரும் அவர் போனில் நம்பர் போட்டுக் கொடுத்தோம். குடிக்கத் தோன்றினால் குடிப்பதற்கு முன்னால் கூப்பிடணும், பின்னால் இல்லை.

சனிக்கிழமை கூப்பிடவில்லை. சாயந்தரம் நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சாமி கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஞாயிறு காலையிலும் எடுக்கவில்லை. சாமி எனக்குப் போன் போட்டு, சீக்கிரமே போயிடலாமா என்றார். மூன்று மணிக் கூட்டத்துக்கு மத்தியானமே கிளம்பினோம்.

கீழே மணல் குவியலில் ரெண்டு பேர் கவிழ்ந்து கிடந்தார்கள். ஒவ்வொருத்தன் முகமாகப் பார்த்தேன். அவர் இல்லை. சிமெண்டு மூட்டைக்குப் பின்னால் இன்னொருத்தன் குறட்டை விட்டுக்கொண்டு. அவனும் இல்லை. படியில் மேஸ்திரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  கேட்டால் ஊருக்குப் போய்விட்டான் என்று சொல்லிவிடுவாரோ என்று இருந்தது.

அவரே பேசினார். "எல்லாவனும் மலந்து கெடக்கான். விடியக்காலம் பாத்தி கட்ட ஒரு கை வேணும்லா. நிக்கிறவன் ஒருத்தன்தான் இருந்தான். மேல போய்ப் பாரு."

புதுக் கான்கிரீட்டில் தண்ணி ஓடிப்போகாமல் நிற்கணும் என்றால் சாந்தால் சின்னச் சின்ன வரப்புப் போட்டுப் பாத்தி கட்டணும். கரண்டி வேலை. ஏறிப் போனோம்.

தளம் முழுக்கப் பாத்தி. நூல் பிடித்த மாதிரி. கொத்தனார் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டிய ஓரத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, கடைசிப் பாத்தியில் ஹோஸ் வழியாகத் தண்ணி விட்டுக்கொண்டிருந்தார். மடியில் கரண்டி, கழுவித் துடைத்தது. ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டேன். முந்தின நாள் பாட்டில் திறந்ததும் போனைக் கீழேயே விட்டுவிட்டு, குடிக்க ஒரு குடம் பச்சைத் தண்ணியை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்துவிட்டாராம். போனை எடுக்க இறங்கினால் கை பாட்டிலையும் எடுத்துவிடும் என்று இறங்கவே இல்லையாம்.

வலது கையை எங்கள் முன்னால் நீட்டினார். தொடைக்கு அடியில் வைத்த கை.

"நின்னுட்டு தம்பி."

 சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, பெருமையாக இருந்தது. நான் பெத்த பிள்ளை பாசானபோதுகூட அப்படி இருந்ததில்லை. தண்ணி எல்லாப் பாத்தியிலும் அசையாமல் நின்றது. ஒரு வரப்பும் உடையவில்லை, ஒரு இடத்திலும் ஒழுகவில்லை. சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஓரத்திலிருந்து பாத்திகளை எண்ணினார். நான் மறு ஓரத்திலிருந்து எண்ணினேன். ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குத்தான் வந்தது.

முப்பத்தாறு.