பாதிப் பூசையில் எழுந்து போன மர்சலின் அக்கா

மர்சலின் அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் செங்கேணி. வெள்ளிக்கிழமை காலை கூடையைக்கூட இறக்காமல் என் வாசலில் நின்றார். "மர்சலின் டீச்சரம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே." கோயிலின் துக்க மணி அதற்குப் பிறகுதான் அடித்தது.

நம் கோயில் பங்கில் அக்காவை அறியாதவர் இல்லை. என்னோடு ஒரே பள்ளியில் வேலை செய்தவர், எதிர்வீட்டுக்காரர். ஆனால் ஒரு ஞாயிறு அவர் பாதிப் பூசையில் எழுந்து போனது ஏனென்று உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிடும் பரபரப்பில் எனக்கு அழக்கூட நேரமில்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு, செங்கேணி தெருமுனையில் கடை போடக்கூடாது என்று நகராட்சிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. மீன் கழுவிய தண்ணீர், ஈ, நாற்றம் என்று அக்கா சொல்லச் சொல்ல, கணினியில் அடித்தவள் நான். அந்த வாரமே ஆட்கள் வந்து செங்கேணி மீன் பரப்பும் பலகையைத் தூக்கிப் போனார்கள். குருசுக்குப்பத்திலிருந்து வரும் அவருக்கு அந்த முனையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

அந்த ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். என்னைப் பார்த்துக் கைகூப்பிய அக்கா, கூப்பிய கையோடு அப்படியே நின்றார். "இத உங்கிட்ட சொல்லி என்னடி ஆவப்போவுது? சொல்ல வேண்டியவ குருசுக்குப்பத்துல இருக்கா." நன்மை அப்பம் வாங்காமல் விடுவிடுவென்று வெளியே போய்விட்டார். நான் வரிசையில் நின்று நன்மை வாங்கினேன்.

மதியம் திரும்பியபோது அவர் செருப்பெல்லாம் மணல். முகம் பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம். "கிழிகிழின்னு கிழிச்சிட்டா. 'பொழப்பக் கெடுத்துட்டு வேதம் பேச வந்தியா'ன்னா. நியாயந்தானே? அப்புறம் ஒரு சொம்பு தண்ணி குடுத்தா." மறுநாள் நகராட்சிக்குப் போய், கடிதம் தன்னுடையதென்று எழுதிக் கையெழுத்திட்டு, பலகையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கழிவுத் தண்ணீருக்கு மூடி போட்ட வாளி ஒன்றையும் வாங்கி வைத்தார்.

"என் பேரைச் சொன்னீங்களா அக்கா?"

"உன்னோடத நான் எப்படிச் சொல்றது? அது உன் வாயாலதான் வரணும்."

பிறகு ஒருநாளும் அக்கா அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆறு வருடம் செங்கேணியிடமே மீன் வாங்கினேன். வாய் வரவில்லை.

சனிக்கிழமை அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்து வாசலில், அந்தக் கடிதத்தை அடித்தவள் நானென்று சொன்னேன். செங்கேணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவங்க ஒரு வாரத்துல வந்தாங்க. உனக்கு ஆறு வருஷமா?"

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு ஞாயித்துக்கெழம, நல்லா யாவாரம் ஆவுற நாளுதான். ஆனா கடை இல்ல, அவங்களுக்காவ. திங்கக்கெழம வா. திட்டறதுக்கு நெறைய இருக்கு."

இன்று திங்கள். இதை எழுதி முடித்ததும் போகிறேன். திட்டு வாங்கத்தான் போகிறேன். ஆனால் கால் வீட்டில் நிற்கவில்லை. இந்த அவசரம்தான் அக்கா எனக்கு விட்டுச்சென்றது.