பாடியிலிருந்து குத்தம்பாக்கம் வரை: ஒரு கட்டிலும் நாலு போல்ட்டும்

இருபத்தொன்பது கிலோமீட்டர் போனதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துக்கொண்டு சாமான் ஏற்றி இறக்கப் போகிறவர்களுக்கு இது உதவும். போன மாதம், ஒரு வியாழக்கிழமை. பக்கவாதத்தில் விழுந்து ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பாவை, குத்தம்பாக்கத்தில் நான் வாங்கியிருக்கும் பிளாட்டுக்கு அழைத்துவரும் நாள். அவருக்கென்று தலைமாட்டைத் தூக்கி இறக்குகிற கட்டில் ஒன்றைப் பாடியில் பழையதாக வாங்கியிருந்தேன். அவர் வரும் முன்னே அது வீட்டில் இருந்தாக வேண்டும். தரையில் படுக்க வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம்தான் அனுப்புவோம் என்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டு, பன்னிரண்டுக்கே கிளம்பிவிடலாம் என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்த பிக்கப் டிரைவர் ஏழுமலையை உடனே கூப்பிட்டேன். “அப்பா விஷயம்ணே, ஒன்பதரைக்கே வந்துடுங்க” என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். “காலைல ஒரு வேலை கீதே சார்” என்றார். என்ன வேலை என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. “அவசரம்ணே” என்று இன்னொரு தடவை அழுத்திச் சொன்னேன். சரி சார், வந்துடுறேன் என்று வைத்துவிட்டார்.

பத்தேகாலுக்குப் பாடியில் கட்டிலை ஏற்றினோம். வண்டி வாடகை 1,800 ரூபாய், ஏற்றி இறக்கி மாட்டித் தருவது உட்பட. அம்பத்தூர் தாண்டி ஆவடி பன்னிரண்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம் ஆனது. அங்கே படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை ஒன்று வாங்கினோம், 2,600 ரூபாய். பதினொன்றரைக்குப் பூந்தமல்லி ரோட்டைப் பிடித்தோம். அந்த ரோட்டின் பள்ளங்களைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகமே போடலாம், விடுங்கள்.

பருத்திப்பட்டு தாண்டியதும் வண்டி ஒவ்வொரு முறை நகரும்போதும் அடியில் ‘டக்’ என்றது. வேகம் எடுத்தால் காலுக்குக் கீழே தகடு நடுங்கியது. கட்டில்தான் ஆடுகிறது என்றேன் நான், பெரிய மேதை மாதிரி. ஏழுமலை சென்னீர்குப்பம் வந்ததும் ஓரம் கட்டி, சாவியை எடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அடியில் நுழைந்தார். மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

என்ஜின் சுற்றுவதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான இரும்புக் குழாய் ஒன்று வண்டிக்கு அடியில் இருக்கிறது. ஜாயிண்ட் ஷாஃப்ட் என்கிறார்கள். அதன் முன்முனையைக் கியர்பாக்ஸோடு நாலு போல்ட்டு பிடித்திருக்கும். ஒன்று எங்கோ விழுந்துவிட்டது. ஒன்று கையாலேயே சுற்ற வந்தது. மற்ற இரண்டும் லூஸ்.

“நேத்துதான் சார் இந்த ஜாயிண்ட்ல வேலை பாத்தாங்க. ஒரு ரவுண்டு ஓட்டிகினு வா, திரும்ப ஒரு தபா டைட் வெக்கணும்னாரு மெக்கானிக். காலைல அதுக்குத்தான் போறதா இருந்தேன்.”

“இதை போன்லயே சொல்லக் கூடாதாண்ணே?”

“அப்பாவுக்குன்னீங்க. எப்பிடி சார் சொல்றது?”

வெட்கப்படக்கூட அப்போது நேரமில்லை. ஒரு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்துவிடும். கட்டிலில் மாட்டுகிற போல்ட்டுகள் கவரில் இருந்தன. ஒன்று அளவாகவே தெரிந்தது, எடுத்து நீட்டினேன். “இது கட்டிலத் தாங்கும் சார். இந்த சுத்துக்கு ரெண்டா பூடும்” என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றை இறுக்கிக்கொண்டு மெதுவாகப் போய்விடலாம் என்று கெஞ்சினேன். பிறகு, சொல்லவே கூசுகிறது, குரலை உயர்த்தினேன். அவர் கோபப்படவில்லை. “முன்னாடி கழண்டு ரோட்ல குத்துச்சுன்னா வண்டி குப்புறப் பூடும். நீங்க என் பக்கத்துல குந்திகினு வர்றீங்க சார்” என்றார். ஒரு பைக்காரரை நிறுத்தி ஏறி, பூந்தமல்லிக்குப் போய்விட்டார்.

நான் கட்டிலுக்குக் காவலாக வெயிலில் நின்றேன். அப்பாவோடு ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருந்த அக்கா கூப்பிட்டாள். “வண்டிக்கு அடியில கழண்டுபோச்சுக்கா, நல்ல வேளை தப்பிச்சோம்” என்று கொட்டித் தீர்த்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஏழுமலை நாலு புது போல்ட்டோடு வந்தார், 240 ரூபாய். சாதாரணமானது உதவாது, இதற்கென்றே உள்ள கெட்டி ரகம் என்றார். நாலையும் மாற்றி இறுக்கி முடிக்க ஒன்றேகால் ஆனது. இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, திரும்ப ஒருமுறை இறுக்கினார். இந்த முறை நான் மணி பார்க்கவில்லை. குத்தம்பாக்கம் சேரும்போது ஒன்று ஐம்பது.

ஆம்புலன்ஸ் நிழலில் நின்றது. ஏறிப் பார்த்தேன். அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. நன்றாக இருக்கிற இடது கையால் என் சட்டையைப் பிடித்தவர் விடவே இல்லை. “கட்டிலப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலடா. தம்பிக்கு என்ன ஆச்சு, தம்பிக்கு என்ன ஆச்சுன்னு அதையேதான் கேட்டுட்டு இருந்தார்” என்றாள் அக்கா. ஏழுமலை அதற்குள் கட்டிலை இறக்கி மாட்ட ஆரம்பித்திருந்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆவடி வழி சுற்று. மெத்தை வாங்க வேண்டியதில்லை என்றால் நேராகப் பூந்தமல்லி போய்விடுங்கள். ஆம்புலன்ஸ் கிளம்பும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே கட்டில் வீட்டில் இருக்கட்டும். நோயாளி பக்கத்தில் இருக்கும்போது வழியில் நடந்ததைப் போனில் சொல்லாதீர்கள். டிரைவர் “ஒரு வேலை கீது” என்றால் என்ன வேலை என்று கேளுங்கள். ஒரு ஸ்பேனர் பிடித்துத் திருக அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் கேட்டு, அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்திருந்தால், அப்பா அப்படி அழுதிருக்க மாட்டார்.