அருள்புரத்து முதல் கதிர்

எனக்கு எழுபத்தொரு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். கடைக்குட்டி சரசு, தானியப் பயிரையும் மண்ணையும் ஆராயும் விஞ்ஞானி. எனக்குக் கையெழுத்துத்தான் போட வரும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

இன்று வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்கு அருள்புரத்திலிருந்து பொன்னாத்தா போன் செய்தாள். எனக்குத் தங்கச்சி முறை. சாயப்பட்டறைத் தண்ணீர் பாய்ந்து உப்பேறிய அவள் காட்டில்தான் சரசு மூன்று வருடமாக மண்ணைத் தேற்றிச் சோளம் போட்டிருக்கிறாள். இன்று பத்து மணிக்கு அறுத்து எடை போட ஏற்பாடு. விளைச்சல் தேறாவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள்.

"முதல் கதிர் மாரியாத்தாளுக்குங்க அக்கா, அறுக்கப் போறேன்" என்றவள், நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கோவையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த சரசுவும் கிடைக்கவில்லை.

ஏழு மணிக்கு நல்லூரில் பஸ் ஏறினேன். மூன்று ரூபாய். திருப்பூரில் இறங்கிப் பல்லடம் பஸ், நான்கு ரூபாய். நிற்க இடமில்லை, எல்லாம் பனியன் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள். துணி மூட்டை ஏற்றிய டெம்போவின் பின்னால் பஸ் ஊர்ந்தது.

"கொஞ்சம் வெரசாப் போகச் சொல்லு, கண்ணு."

கண்டக்டர் சிரித்தான். "ஏனுங்காத்தா, உங்களுக்கும் ஷிப்மெண்ட் அவசரமுங்களா?"

"எம்மவளோடது."

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் மஞ்சள் துணிமேல் கதிர்க்கட்டு. ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுப் பருமன்.

"சாமிக்குச் சோனிக் கதிரையா வெப்பாங்க? பார்த்துத்தானுங்க அறுத்தேன்" என்றாள் பொன்னாத்தா.

"நல்லதெல்லாம் போச்சுன்னா எம்மவ எதை எடை போடுவா?"

அவள் கொடுத்த காப்பி ஆறிப்போனது.

ஒன்பதரைக்குச் சரசு வந்தாள். கட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "எங்கீங்க அறுத்தீங்க, சின்னம்மா?"

"வரப்போரந்தான், சாமி. உள்ளே நீ குச்சி நட்டிருந்தே, மிதிக்கலை."

சரசு மூச்சு விட்டாள். "ஓர வரிசையை நாங்க எடை போடறதில்லீங்கம்மா. வெயிலும் எடமும் அதிகம் கெடைச்சு, அது எப்பவும் கொழுத்துத்தான் நிக்கும். உள்வரிசைதான் கணக்கு."

நான் காட்டுக்குள் போய்ப் பார்த்தேன். உள்வரிசைக் கதிர்கள் மெலிந்திருந்தன. ஒன்றைக் கையில் தாங்கினேன், கனம் பிடிபடவில்லை.

"நீங்க நின்னா எனக்குக் கை நடுங்குதுங்கம்மா. ஊட்டுக்குப் போங்க."

என் மகள் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. வந்த வழியே பஸ் ஏறித் திரும்பினேன். போகும்போது, நல்ல கதிர் போய்விட்டதோ என்று பயம். திரும்பும்போது கூடவே ஏறிவந்தது, விளைச்சலே தேறாதோ என்ற பயம்.

மணி மூன்று. போன் இன்னும் அடிக்கவில்லை. விஞ்ஞானி என்று எழுதினாயா, கண்ணு? போனை என் மடியில் வைத்துவிட்டு, முதலிலிருந்து படி.