அடியில் விழுகிறவள்

காட்பாடியில் நான் ஏறிய பஸ் ஆம்பூரைத் தாண்டியதும் பஞ்சராகி நிற்கிறது. சாலையோர மைதானத்தில் பெண்கள் முட்டை வடிவப் பந்தோடு ஓடுகிறார்கள். ஆஸ்திரேலிய ஃபுட்பாலாம், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்துச் சாய்க்கலாம். நீலப் பனியன்காரி ஒருத்தி எதிரணிப் பெண்ணை இடுப்போடு வளைத்துப் பிடிக்கிறாள். ஆனால் விழும்போது சட்டென்று திரும்பி, தானே அடியில் போய்விடுகிறாள். அவள் முதுகு தரையில் மோதும் சத்தம் எனக்கே கேட்கிறது.

தண்ணீர் குடிக்க ஓரமாக வந்தவளிடம், "நீ ஏம்மா அடியில விழற?" என்கிறேன்.

"அவ கைய ஊனுனா மணிக்கட்டு போய்டும்க்கா. நாளைக்கு ஷூ கம்பெனில மிஷின்ல உக்காரணும். தையல் வேலை."

"உனக்கு என்ன வேலை?"

"நானும் தையல்தான். அவளுக்குப் பக்கத்து மிஷின்."

"அப்ப உன் கை?"

சிரிக்கிறாள். "அதான் அவளக் கட்டிப் புடிச்சினு இருக்கேனே. எப்டி மண்ணுல படும்?"

மறுபடி விசில். இந்த முறை பந்து இவளிடம். பக்கத்து மிஷின்காரி துரத்தி வந்து பிடிக்கிறாள், இருவரும் விழுகிறார்கள்.

எழும்போது புதிதாக மண் ஒட்டியிருப்பது பிடித்தவளின் முதுகில்.