காஜா மட்டும்தான் பாக்கி

கடைக்கு யார் வந்தாலும் முதலில் வாயைத் திறக்க வேண்டியவள் காஜாக்காதான். கல்யாணமான புதிதில் ஏற்பட்ட ஏற்பாடு அது. உள்ளே மெஷினில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவருக்குத் தைக்க வரும், பொய் சொல்ல வராது. சட்டை என்னாச்சு என்று யாராவது வாசலில் நின்று கேட்டால் காது மடல் சிவந்துபோய், "இன்னும் துணியே வெட்டலைங்க" என்று உள்ளதை உளறிவிடுவார். அதைவிட மோசம், அவருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லவும் வராது. கொண்டுவந்த துணியையெல்லாம் வாங்கி வாங்கி மாட்டிவிடுவார். கொக்கிகள் நிரம்பி, சன்னலின் பாதியை மறைத்து, சில சமயம் வீட்டுக்குள் போகும் திரைக்கம்பியிலும் துணி தொங்கும்.

ஆகவே சட்டைகளுக்குப் பொத்தான் துளை சுற்றிக் காஜா எடுத்து, பொத்தான் கட்டி, ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தவள் முன்மேஜையையும் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் முடிஞ்சிருச்சு. காஜா மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வாங்க." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. துணி கத்தரியையே பார்த்திருக்காது. தெருக்காரர்கள் அவளுக்குக் காஜாக்கா என்று பெயர் வைத்தது அவள் கைவேலைக்காகவா, வாய்வேலைக்காகவா என்று அவளே தம்பியிடம் கேட்டுச் சிரிப்பாள். அவள் கணவர் எல்லோருக்கும் மாஸ்டர். தைத்துக் கொடுத்தால் தோள்பட்டை ஒட்டினாற்போல் உட்காரும். அதனால்தான் திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அவள் நூல்கண்டும் பொத்தானும் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்த ஒரு காலையில் அது நடந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியக்குழுப் பிள்ளைகளுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்த தலைமையாசிரியை, குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி எதிர்ச்சாரியிலிருந்து தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். மாஸ்டர் பார்த்துவிட்டார். மேஜையில் ஆள் இல்லை. சட்டென்று வெளியே வந்து, பக்கத்துப் பெயின்ட் கடைக்குச் சரக்கு இறக்க நின்றிருந்த வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சரக்கை இறக்கி முடித்த டிரைவர் திரும்பிப் பார்க்காமல், ஹாரனும் அடிக்காமல் வண்டியைப் பின்னால் எடுத்தான். வலது பாதத்தின் மேல் சக்கரம் ஏறியது.

எல்லாவற்றையும் நேரில் பார்த்து முதலில் ஓடிவந்தவர் தலைமையாசிரியைதான். அவரே எதிர்ச்சாரியில் நிறுத்தியிருந்த தம் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் திட்டினார். "ஒளிஞ்சு விளையாடுற வயசா மாஸ்டர் இது? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" மாஸ்டர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "டீச்சர், ரெண்டு கோட்டுதான் வெட்டியிருக்கேன்" என்றாராம். அந்த நிலையிலும் அந்த மனிதருக்குப் பொய் வரவில்லை பார் என்று பிற்பாடு காஜாக்கா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பாதத்தின் முன்பக்க எலும்புகளைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். கையிருப்பும் போய், ஆஸ்பத்திரிக்காக வாங்கிய கடனும் ஏறி, மாஸ்டர் ஒரு கைத்தடியோடு வீடு வந்து சேர்ந்தார். கட்டுப் பிரித்ததும் ஆசை ஆசையாய் மெஷினில் உட்கார்ந்தார். மிதி மெஷினுக்கு இரண்டு பாதமும் தாளம் தப்பாமல் முன்னும் பின்னும் ஆட வேண்டும். வலது பாதம் மரக்கட்டையாய்க் கிடந்தது. இடது பாதம் மட்டும் மிதித்தால் சக்கரம் நடுவழியில் யோசித்துப் பின்னால் சுற்றியது, நூல் அறுந்தது. மறுபடி கோத்தார், மறுபடி அறுந்தது. அப்புறம் அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மோட்டார் மெஷின் ஒண்ணு இருந்தா இடது காலாலேயே லேசா அழுத்தித் தெச்சிரலாம்" என்றார்.

"வாங்கிட்டாப் போச்சு" என்றாள் காஜாக்கா, மேஜையில் பேசுகிற அதே குரலில். கடை வாடகையே நிலுவையில் இருந்தது. முன்னறை கடை, திரைக்குப் பின்னால் வீடு. கடை போனால் வீடும் போகும்.

வேன் முதலாளி ஒரு பை பழத்தோடு வந்தார். "நின்ன வண்டிக்குப் பின்னாடி அவரா போய் நின்னாரு, நான் என்ன பண்றது? இன்சூரன்ஸ்ல ஏதோ சின்னதாத் தருவாங்க, கையெழுத்து போட்டுடுங்க" என்றார். காஜாக்காவின் தம்பிக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் யோசனை வேறு மாதிரி இருந்தது. "அக்கா, கேஸ் போடு. கோர்ட்டுக்குப் போறப்ப அத்தானுக்கு ரெண்டு கக்கத்துக் கட்டை குடுத்துக் கூட்டிட்டுப் போ. கட்டை ரெண்டையும் நான் வாடகைக்கு எடுத்துட்டு வரேன். நடுவுல ஒரு தடவை தடுக்கி விழச் சொல்லு."

"உங்க அத்தானுக்கு நிஜமா விழுந்தாலே முகத்துல வலி தெரியாது. நடிக்கச் சொன்னா ஜட்ஜுகிட்டயே போய்ச் சொல்லிடுவாரு, மச்சான் சொன்னான்னு" என்றாள் அக்கா.

தலைமையாசிரியைதான் மாஸ்டரையும் காஜாக்காவையும் தம்மிடம் படித்த ஒரு வக்கீல் பெண்ணிடம் இழுத்துப்போனார். மருந்துக்கடை மாடியில் சின்ன அறை. நாற்காலிகளில் கட்டுக் கட்டாய்க் கேஸ் கட்டுகள் உட்கார்ந்திருந்ததால் அவற்றைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் மனிதர்கள் உட்கார முடிந்தது. வக்கீலின் கறுப்புக் கோட்டு முழங்கையில் நைந்து வெளுத்திருந்தது. மாஸ்டரின் கண் அங்கேயே நின்றது.

"வண்டிக்குப் பின்னாடி எதுக்குப் போய் நின்னீங்க, அண்ணே?" என்று கேட்டாள் வக்கீல்.

மாஸ்டரின் காது மடல் சிவந்தது. காஜாக்கா புடவைத் தலைப்பைப் பார்த்தாள். "எனக்குப் பயந்துதான்" என்றார் தலைமையாசிரியை.

"ஸ்கூல்ல நாங்களும் அதைத்தான் பண்ணோம், மிஸ். நல்லவேளை, வேன் இல்லை."

வக்கீல் சிரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். தெருவில் மனிதன் எதற்காக நின்றால் என்ன, பின்னால் எடுக்கிறவன் பார்த்து எடுக்க வேண்டும். அதற்குக் கண்ணால் பார்த்த சாட்சி மிஸ் இருக்கிறார். போலீஸ் புகாரும் எக்ஸ்ரேயும் ஆஸ்பத்திரி ரசீதுகளும் வேண்டும். தன் கூலியைத் தீர்ப்புக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். "ஆனா ஒண்ணு இருக்குக்கா. கால் போனதை எக்ஸ்ரே சொல்லும். தொழில் போனதை யார் சொல்லுவா? முன்னே இவ்வளவு ஓடுச்சு, இப்ப ஓடலைன்னு காட்டணும். கணக்கு எழுதி வெச்சிருக்கீங்களா?"

"எழுதுறதுக்கு ஏது நேரம்? எல்லாம் வாய்க்கணக்குதான்" என்றாள் காஜாக்கா.

"அப்ப நல்ல வாடிக்கைக்காரங்களா நாலு பேரைக் கேட்டுப் பாருங்க. வந்து சொல்லட்டும்."

கேட்டுப் பார்த்தாள். பேக்கரிக்காரர் சந்தோஷமாக வருவதாகச் சொன்னார். "என்ன கேப்பாங்க? மாஸ்டர் எப்படின்னு கேட்டா, தங்கமான மனுஷன், ஆனா என் மக கல்யாணத்துக்கு நான் போடக் குடுத்த கோட்டைப் பேரப்பிள்ளை பொறந்தப்புறம் குடுத்தாருன்னு சொல்லிடுவேன். சத்தியம் பண்ணிட்டு மறைக்கக் கூடாது பாருங்க." மற்றவர்களும் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் மாஸ்டர் மேல் பாசம் இருந்தது. வாயைத் திறந்தால் தாமதம்தான் வந்தது. கெட்டது போ என்று வீட்டுக்கு வந்தாள் காஜாக்கா. இவர்களைக் கொண்டுபோய்க் கூண்டில் ஏற்றினால் எதிர்க்கட்சி வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பேருந்து ஓட்டுநர் ஒருவர் தம் கால்சட்டையைக் கேட்டு வந்தார். இடுப்பைக் கொஞ்சம் பிரித்துவிடக் கொடுத்திருந்தார். பழக்க தோஷத்தில் காஜாக்கா, "எல்லாம் முடிஞ்சிருச்சு, காஜா..." என்று ஆரம்பிப்பதற்குள் உள்ளேயிருந்து மாஸ்டரின் கை நீண்டது. கையில் கால்சட்டை, மடித்து, தேய்த்து, காகிதத்தில் சுற்றி.

ஓட்டுநர் வாங்கவில்லை. ஏதோ தப்பு நடந்ததுபோல் பார்த்தார். "என்ன மாஸ்டர், இன்னிக்குன்னு சொன்னீங்க, இன்னிக்கே குடுக்குறீங்க? உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

ஓட்டுநர் சிரித்துக்கொண்டுதான் போனார். காஜாக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கொக்கிகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சுவர் பச்சை வண்ணம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. எப்போதோ குடிவந்த நாளில் பார்த்தது. இடையில் அத்தனை வருஷமும் அதை மறைத்து ஊரார் துணி தொங்கியிருக்கிறது. இப்போது அவள் மிதித்துக் கொடுக்க, அவர் துணியைப் பிடித்து ஓட்ட, ஒரு நாளைக்கு ஒரு ஓரம், ஒரு ஜிப். மாஸ்டரால் முடியாது என்று கேள்விப்பட்டு ஜனங்கள் புதுத்துணியை வேறெங்கோ கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பிந்துவதற்கு வேலை இருந்தால்தானே பிந்தும்!

திரைக்குப் பின்னால் போய் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் கொஞ்சம் அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கீரையை நறுக்கினாள்.

கோர்ட்டுக்குப் போகிற அன்று அவளுக்கு வேறொரு பயம். "என்னங்க, நான் சத்தியம் பண்ணணுமாம். மேஜையில நான் சொன்னதையெல்லாம் சேத்துவெச்சுக் கேட்டுருவாங்களோ?"

"கேட்டா இருக்கிறதைச் சொல்லிடு" என்றார் மாஸ்டர். அவருக்கு அது சுலபம்.

ஒற்றைக் கைத்தடியோடுதான் போனார். தம்பி கொண்டுவந்திருந்த இரண்டு கட்டைகளும் வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்றன. தலைமையாசிரியை பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். டிரைவர் திரும்பியே பார்க்கவில்லை என்று அவர் அழுத்திச் சொன்னபோது நீதிபதியே நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் குரலுக்கு யாரும் நிமிர்ந்துதான் உட்கார வேண்டும். அடுத்தது காஜாக்கா. அவள் கூண்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் நரைத்த தலை, மிருதுவான பேச்சு. அவர் தெருவில் நன்றாக விசாரித்துவிட்டு வந்திருந்தார். "அம்மா, விபத்துக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் சொன்ன தேதியில துணி குடுப்பாரா?"

"இல்லைங்க."

"எப்பவாவது?"

அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இப்ப?"

"இப்ப சொன்ன அன்னிக்கே குடுத்துடறாரு."

"அப்ப முன்னைவிட இப்ப தொழில் ஒழுங்கா நடக்குது. அப்படித்தானே?"

காஜாக்கா வக்கீல் பெண்ணைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். அவர் காது சிவந்திருந்தது. மேஜையில் நிற்கும்போது வார்த்தை தானாக வரும். இங்கே ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"ஐயா, அவரு முன்னே கொக்கி நிறைய வாங்கி மாட்டுவாரு. யாரு வந்தாலும் வேணாம்னு சொல்ல மாட்டாரு. அதான் பிந்தும். திட்டு வாங்கி வாங்கி எனக்குக் காது மரத்துப்போச்சு. இப்ப ஒரு துணிதான் வருது. அந்த ஒண்ணைக் குடுத்துட்டா அன்னிக்கு வேலை தீந்துருது. சாயங்காலம் வரைக்கும் கத்தரிக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நாளைக்கு வாங்கன்னு சொல்ல எனக்கு ஆளு இல்லீங்க." நீதிபதி பக்கம் திரும்பினாள். "மோட்டார் மெஷின் இருந்தா பழையபடி பிந்துவாரு. அது போதும் எனக்கு."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, "உங்க டெய்லர் எப்படி?" என்று கம்பெனி வக்கீலைப் பார்த்தார்.

நரைத்த வக்கீல் தம் கோட்டைக் கீழே குனிந்து பார்த்தார். "இதுக்குப் போன வருஷம் அலையா அலைஞ்சேங்க ஐயா" என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். வேறு கேள்வி அவரிடம் இல்லை.

தீர்ப்பு வர மழைக்காலம் முடிந்தது. கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. கிடைத்ததில் ஆஸ்பத்திரிக் கடன் அடைந்தது, வாடகை நிலுவை தீர்ந்தது, வக்கீல் கூலி போக மெஷினும் வந்தது. வக்கீல் பெண் தீர்ப்பிலிருந்து ஒரு வரியை மட்டும் அவர்களுக்கு வாசித்துக் காட்டினாள். மனுதாரர் முன்பு காலந்தாழ்த்தியே துணி கொடுத்து வந்தார் என்பது அவருக்கு வேலை நிறைந்திருந்ததையே காட்டுகிறது என்று அதில் இருந்தது. "எங்க வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு சர்டிபிகேட்டா!" என்று காஜாக்கா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

புது மெஷின் முதல் நாள் பிய்த்துக்கொண்டு ஓடி, மாஸ்டரின் சட்டைக் கையையே துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டது. இடது கால் பழக இரண்டு வாரம் பிடித்தது. மெஷின் சத்தம் தெருவுக்குக் கேட்கத் தொடங்கியதும் ஜனங்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். பேக்கரிக்காரர் பேரனுக்குச் சட்டைத்துணி கொண்டுவந்தார். தலைமையாசிரியை வாத்தியக்குழுவை மறுபடி அனுப்பினார், இந்த முறை கடைக்கு முன்னால் எந்த வண்டியும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு. வக்கீல் பெண் புதுக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனாள். பச்சைச் சுவர் மறைந்துகொண்டே வந்தது. சாயங்காலத்தில் கால் வீங்கும். அப்போது மாஸ்டர் அதை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு கையால் ஓரம் தைப்பார். வாசலில் துணியோடு யாராவது நின்றால் அங்கிருந்தே, "வாங்கி மாட்டும்மா" என்பார்.

ஒரு நாள் மத்தியானம் வக்கீல் பெண் மருந்துக்கடை மாடிப்படி இறங்கி நேரே கடைக்கு வந்தாள். முழங்கை கிழிந்த பழைய கோட்டு அவள் தோளில் கிடந்தது.

"அக்கா, என் கோட்டு?"

காஜாக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கறுப்புத் துணி அவள் தலைக்கு மேலேதான், மூன்று உடுப்புகளுக்கு அடியில், கத்தரி படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது மேஜைக்கு இந்தப் பக்கமே தெரிந்தது.

"எல்லாம் முடிஞ்சிருச்சு, வக்கீலம்மா" என்றாள். "காஜா மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வாங்க."

"நாளைக்கும் இந்தக் கிழிசலோடதான் கோர்ட்டுக்குப் போகணுமா? ஜட்ஜ் ஐயா போன வாரமே ஒரு மாதிரி பார்த்தாரு."

"யாருகிட்ட தைக்கக் குடுத்திருக்கீங்கன்னு சொல்லுங்க. அவருக்குப் புரியும்."

வக்கீல் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணாந்து கொக்கியைப் பார்த்தாள். தன் துணியைக் கண்டுகொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. பழைய கோட்டை உதறி மாட்டிக்கொண்டு, கிழிந்த முழங்கையை ஃபைலால் மறைத்தபடி சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

உள்ளே மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.