அசல் இல்லாத சான்றிதழ்

அந்தப் பெண்ணின் சான்றிதழ் உண்மையானது என்று தெரிந்தேதான் அவளை நிராகரித்தேன்.

லஞ்சம் இல்லை, பகை இல்லை. விதி இருந்தது. அந்த விதியை எழுதியவனும் நானே!

அரசு அலுவலகத்தில் நியமனப் பிரிவிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தாளில் யார் எங்கே கையெழுத்திட வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பெருமைக்காகவே பொம்மனஹள்ளியில் ஒரு கணக்கு நிறுவனம் விண்ணப்பங்களைச் சலிக்க என்னை வைத்துக்கொண்டது. இருந்தது ஒரே காலியிடம். வந்தவர்கள் எல்லாரிடமும் இணையப் படிப்புச் சான்றிதழ்.

"எப்படியாவது குறைங்க சார்" என்றார் முதலாளி.

குறைத்தேன். 'அசலுடன் ஒப்பிட்டுச் சான்றொப்பமிட்ட நகல் தேவை' என்று ஒரு வரி சேர்த்தேன். இணையச் சான்றிதழுக்கு அசல் ஏது? அதனால்தான் சேர்த்தேன்...

மர்பி டவுனிலிருந்து கலைவாணி வந்தாள். மருத்துவமனை பில் கவுண்டரில் வேலை. ஷிப்ட் முடிந்தபின் போனில் படித்திருக்கிறாள். கவுண்டரை எடுத்துவிட்டு இயந்திரம் வைக்கப்போகிறார்களாம். அதற்குள் வேறு வேலை கிடைத்தாக வேண்டும்.

"அசல் எங்கேம்மா?"

"இதுதான் சார் அசல். லிங்க்கைத் தொட்டா என் பேரு, மார்க்கு எல்லாம் வரும்."

"லிங்க்கை ஃபைலில் எப்படிக் கோக்கறது?"

"கோக்க வேணாம் சார். தொட்டாப் போதும்."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "நோட்டரியிடம் சான்றொப்பம் வாங்கி வா" என்றேன். அசல் இல்லாமல் எந்த நோட்டரியும் கையெழுத்திட மாட்டார் என்பது எனக்குத் தெரியாதா?

அவள் போனதும் லிங்க்கைத் தொட்டேன். உடனே திறந்தது. பெயர், படம், மதிப்பெண்... வந்தவர்களில் அவளே முதல்! அதை மூடிவிட்டு, 'சான்றொப்பம் இல்லை' என்று எழுதினேன்.

ஏன்? அந்தச் சிரிப்புக்காகவா? அல்லது, ஒரு தொடுதலில் முடிகிற சரிபார்ப்புக்கு நான் எதற்கு என்ற பயமா? நீங்களே சொல்லுங்கள்... எனக்குப் பிடிபடவில்லை.

சில மாதங்களில் அவள் கேட்டு வந்த வேலையையே மென்பொருள் எடுத்துக்கொண்டது. தேர்வானவனை வீட்டுக்கு அனுப்பினார்கள், பிறகு என்னையும். எப்படியும் அவளுக்கு நிலைத்திருக்காது என்று என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். நல்ல குறிப்புரை. எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்வார். நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

போன வாரம் அல்சூர் பேருந்து நிறுத்தத்தில் அவளே என்னைக் கண்டுகொண்டாள். கவுண்டர் போய்விட்டதாம்.

"சூப்பர் மார்க்கெட்ல பேக்கிங் வேலைக்குக் கூப்பிடுறாங்க சார். போனா படிக்க நேரம் இருக்காது. என் சர்ட்டிபிகேட் செல்லாததுதானே? அதே கோர்ஸை வேற இடத்துல மறுபடி படிக்கலாமான்னு பாக்குறேன். நீங்க ரூல் தெரிஞ்சவரு... என்ன சொல்றீங்க?"

முதல் சான்றிதழே செல்லும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் நிராகரித்தேன் என்றும் சொல்ல வேண்டுமே! இரண்டாவதை மட்டும் எவன் மதிக்கப்போகிறான் என்றாவது சொல்லியிருக்கலாம்...

"படிம்மா" என்றேன்.

"தேங்க்ஸ் சார். அப்ப அந்தப் பேக்கிங் வேலைக்கு வரலைன்னு சொல்லிடறேன்" என்றாள். என் எதிரிலேயே போனை எடுத்துச் சொல்லியும் விட்டாள்.